ஐம்பது காசும் நாற்பது காசும்: நம் முன்னோரின் சம்பளக் கணக்கு



ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர் பள்ளிக்கு வரும்போது, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்து முடித்த கையோடு என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்தத் துறையில் படிக்க வைத்தால் நல்ல சம்பளம் கிடைக்கும், ஆசிரியர்?" என்பதுதான் அது. மருத்துவருக்கு எவ்வளவு, பொறியாளருக்கு எவ்வளவு, கணக்காய்வாளருக்கு எவ்வளவு என்று சிலர் விரல்விட்டு எண்ணியே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையைப் பணத்தால் அளக்கிறார்களே என்று சக ஆசிரியர்கள் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இந்த மண்ணில் தம்முடைய சம்பளத்தை அடுத்தவர் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த குற்றத்துக்காக நம்மவர்கள் சிறைக்குச் சென்றிருக்கிறார்கள், நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள், துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகியும் இருக்கிறார்கள். அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் கூலி எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1907-ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி என்றொரு நிதி உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குக்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருவோரின் கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்படும். அதுவரை ஒப்பந்தக் கூலிகளாக, கடனோடு வந்து இறங்கியவர்கள் இனிக் கடனின்றி வந்து இறங்கினார்கள். 1910-இல் ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பதும் நின்றுபோனது. இது ஒரு முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால், அந்நிதியை நடத்திய இந்தியர் குடிநுழைவுக் குழுவில் அமர்ந்திருந்தவர்கள் அரசாங்க அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் ஆவர். பிற்பாடு 'நிலையான கூலி' எவ்வளவு என்று முடிவு செய்யும் பொறுப்பும் அதே குழுவின் கைக்கு வந்து சேர்ந்தது. கூலி கொடுப்பவரே கூலியை முடிவு செய்யும் மேசையில் அமர்ந்திருந்தார். கூலி வாங்குபவருக்கு அங்கு நாற்காலி இல்லை.

1922-இல் இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னர் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். கூலி நியாயமாக இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் அந்தப் பக்கமிருந்து வரத் தொடங்கியது. 1920-களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நிலையான கூலி ஆயிற்று. எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளில் இது சற்றுக் கூடுதல்.

ஐம்பது காசு என்பது எவ்வளவு? 1906-இலிருந்து நம் வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் 50 காசு என்பது 1 ஷில்லிங் 2 பென்ஸ். இந்தியப் பணத்தில் அன்று ஏறக்குறைய 12 அணா. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சேலத்திலோ வயலில் இறங்கி உழைத்தவருக்கு 12 அணா என்பது பெரிய தொகையாகத் தோன்றியதில் வியப்பில்லை. கங்காணி ஊருக்கு வந்து சொன்ன கதைகளில் மற்றவை பொய்யானாலும் இந்த எண் பொய்யில்லை. ஆனால், நாள் ஒன்றுக்கு என்ற சொல்லைத்தான் ஊரிலிருந்தோர் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஆணுக்கு 13 வெள்ளி. பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. அந்த 26 நாள் எப்போதும் கிடைக்குமா என்றால், கிடைக்காது. விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். காய்ச்சல் வந்து படுத்தாலும் அப்படித்தான். செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குக் காசு இல்லை. மலேரியா மலிந்திருந்த தோட்டங்களில் இது சிறிய செய்தியன்று.

இதே தோட்டத்தில் கிராணிக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அது குறையாது. தனி வீடும் உண்டு. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் இந்த வேலைகளில் மிகுதியாக இருந்தார்கள். துரைக்குச் சம்பளத்தோடு பங்களா, சமையற்காரர், தோட்டக்காரர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பளத்தோடு சீமைக்குப் போய் வர விடுப்பு. கங்காணியின் வருமானம் இன்னும் வேடிக்கையானது. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கும் ஓரிரு காசு அவருக்குத் 'தலைக்காசு'. நூறு பேரை வைத்திருக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்கு இரண்டு காசு என்று வைத்துக்கொண்டால், கத்தியைத் தொடாமலேயே நாளுக்கு 2 வெள்ளி. நான்கு பால்வெட்டுக்காரர்களின் கூலி அது. காய்ச்சலில் கிடப்பவரையும் கங்காணி ஏன் தட்டி எழுப்பினார் என்பதற்கு அவருடைய குணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது; அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்ட முறையும் ஒரு காரணம்.

இங்கே பெண்களின் கணக்கைத் தனியே சொல்ல வேண்டும். 50-க்கு 40 என்பது ஐந்தில் நான்கு பங்கு. கூலி ஏறினாலும் இறங்கினாலும் இந்த விகிதம் மட்டும் மாறாமல் கூடவே வந்தது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தாத்தாவுக்கு முன்னதாகவே பெரட்டில் போய் நிற்பாராம். "அவருக்குக் கொடுத்த நிரையும் எனக்குக் கொடுத்த நிரையும் ஒண்ணுதான். மரத்துக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தனக்கு எத்தனை காசு குறைகிறது என்ற கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. குழுவினர் ஒரு தொழிலாளியின் மாதச் செலவுக்குப் பட்டியல் போட்டார்கள். அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய், எண்ணெய், துணிமணி, பண்டிகைச் செலவு, ஊருக்கு அனுப்பக் கொஞ்சம் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றைக் கூட்டி வரும் தொகையை ஒட்டியே கூலி அமைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயம் போலத் தெரியும். ஆனால் துரையின் சம்பளத்தை இப்படி யாரும் அரிசி பருப்பு வைத்துக் கணக்கிடவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார், அவருக்கு எவ்வளவு கொடுத்தால் சீமையிலிருந்து வருவார் என்று பார்த்தார்கள். தொழிலாளிக்கோ, அவர் எவ்வளவு பால் கொண்டு வருகிறார் என்று பார்க்காமல், எவ்வளவில் உயிர் வாழ்வார் என்று பார்த்தார்கள். இரண்டு வேலைகளின் சம்பளத்தை ஒப்பிடும்போது எண்களை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவையும் தாக்கியது. ரப்பர் விலை சரிந்தது. கூலி ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 காசு என்று குறைக்கப்பட்டது. பிறகு அதற்கும் கீழே போனது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-இன் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து நிலைமையைப் பார்த்தார். 1937-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, துரைமார்களிடம் மென்மையாக நடந்துகொண்டது என்று அன்றே குறை கூறப்பட்டது. ஆயினும் பழைய 50, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். கூலி பழைய நிலைக்குத் திரும்பியது. அதுவும் நிலைக்கவில்லை; 1938-இல் மறுபடியும் குறைத்தார்கள். இம்முறை இந்திய அரசாங்கம் பொறுக்கவில்லை. 1938 ஜூன் மாதத்தில், நிதி உதவியோடு மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதை அது தடை செய்தது. கூலியைக் குறைத்தாலும் ஆள் வந்துகொண்டே இருக்கும் என்ற நிலை அத்தோடு முடிந்தது.

ஒப்பீடு என்ற ஆயுதம் வெளிப்படையாகத் தூக்கப்பட்டது 1941-இல்தான். போரினால் ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த காலம் அது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஒரு கூலியும், சீனத் தொழிலாளர் அதைவிடக் கூடுதலான கூலியும் பெற்று வந்தார்கள். சீனர்கள் பெரும்பாலும் குத்தகைத் தலைவர் ஒருவரின் கீழ் வேலை செய்தவர்கள். விலை பேசுவார்கள், ஒத்துவரவில்லை என்றால் ஈயச் சுரங்கத்துக்கோ வேறிடத்துக்கோ போய்விடுவார்கள். நம்மவர்களுக்குக் கூலியைக் குழு முடிவு செய்தது. பக்கத்து நிரையில் அதே மரத்தை வெட்டுபவருக்கு ஏன் கூடுதல் என்ற கேள்வியை அதுவரை யாரும் ஒன்றுகூடிக் கேட்டதில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் போன்றோரின் வழிகாட்டலில் தொழிலாளர்கள் அதைக் கேட்டார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

மற்றக் கோரிக்கைகளையும் படித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், கொடுமை செய்யும் மேலாட்களை நீக்குதல் ஆகியவற்றோடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது! கூலியில் சில காசுகள் கேட்டவர்கள், அதே தாளில் சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமையையும் கேட்டிருக்கிறார்கள். நான் வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். பிறகு, சிரிப்பு அடங்கி, "உண்மையாகவா?" என்று கேட்பார்கள்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் சிறையிடப்பட்டனர், பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். 1943-இல் அவர்களும் சம்பளத்தைக் காட்டியே ஆள் பிடித்தார்கள்: நல்ல கூலி, குறுகிய கால வேலை என்று விளம்பரம் செய்து, அது பலிக்காமல் போனபோது வலுக்கட்டாயமாகவே சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை.

இனி நம்முடைய தொழிலுக்கு வருகிறேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், அவருக்கு என்ன சம்பளம் என்பது பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் மனப்போக்கைப் பொறுத்திருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரானதுண்டு. மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தஞ்சோங் மாலிமில் 1922-இலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1928-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அவற்றைப் போன்ற முழுநேரக் கல்லூரி ஒன்று போருக்கு முன் இல்லை. பயிற்சி இல்லாததால் சம்பளம் குறைவு. சம்பளம் குறைவாக இருந்ததால் படித்தவர் வருவதில்லை. இந்தச் செக்குமாட்டுச் சுற்றில் பாதிக்கப்பட்டவர்கள் மாணவர்களே.

ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம் என்பதால், அவரை ஆங்கிலப் பள்ளி ஆசிரியரோடு யாரும் ஒப்பிடவில்லை. பால்வெட்டுக்காரரைவிடச் சற்று மேல், கிராணியைவிடக் கீழ் என்று அவருக்கு ஒரு படி ஒதுக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புகளை ஒரே கொட்டகையில் வைத்துக்கொண்டு ஒருவராகப் பாடம் நடத்தியவர், நகரத்தில் ஒரே வகுப்பை நடத்தியவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தப் படிக்கட்டில் இடமே இல்லை. 1956-இன் ரசாக் அறிக்கையும் அதையடுத்து வந்த 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும்தான் அந்த நிலையை மாற்றின. பல மொழிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஒரே ஆசிரியர் சேவைக்குள், அரசாங்கம் வகுத்த சம்பள விகிதத்துக்குள் வந்தார்கள். தகுதியை ஒட்டிய வேறுபாடுகள் நீடித்தன. பயிற்சி பெறாத மூத்த ஆசிரியர்கள் பலர் நெடுங்காலம் கீழ்ப்படியிலேயே இருந்து ஓய்வு பெற்றார்கள். எனினும், சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் துரையின் அலுவலக வாசலில் நிற்க வேண்டிய தேவை ஒழிந்தது. விடுதலை அடைந்த 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. குறைந்ததைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஒரே சேவை என்றார்கள். ஆனால் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். ஒரே கல்லூரியில் படித்து, ஒரே தேர்வை எழுதி, அடுத்தடுத்த வகுப்பறையில் கற்பித்தாலும் அவ்வாறே. ரப்பர்த் தோட்டத்து நாற்பது காசு இங்கே படித்த பெண்களின் சம்பளப் பட்டியலிலும் வந்து அமர்ந்திருந்தது. இதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ராசம்மா பூபாலன். ஈப்போவில் பிறந்து, பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். பிறகு ஆசிரியையாகி, 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆணின் சம்பளச் சீட்டையும் பெண்ணின் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், வேறு வாதமே தேவையில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் அரசாங்கத்தை இணங்க வைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1969-இல்தான் பொதுச்சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகைக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தோட்டத்தில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. நாராயணன் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். முதலாளிகள் சங்கத்தோடு மேசையின் எதிர்ப்பக்கத்தில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் அதுவும் இறங்கும். நாட்கூலி என்ற அமைப்பும் தொடர்ந்தது. என் தந்தையார் தோட்டத்தில் வளர்ந்தவர். மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எரிவதைப் பார்த்தே அந்த மாதத்துப் பெரட்டு நாட்களை எண்ணிவிடலாம் என்பார். மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை இரண்டாயிரமாவது ஆண்டுகளிலும் தோட்டங்களில் எழுந்துகொண்டுதான் இருந்தது. என் தலைமுறைப் பெற்றோர், "என்ன வேலையானாலும் சரி, மாதச் சம்பளமாக இருக்க வேண்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்ததன் காரணம் இதுதான். அரசாங்க வேலை மீது நம் சமூகத்துக்கு உள்ள மயக்கத்தைக் கேலி செய்வோர் இந்த மழை நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையோடு அமர்ந்து சம்பளங்களை ஒப்பிடும்போது தொகையோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். அது நாட்கூலியா, மாதச் சம்பளமா? நோயுற்றால் கிடைக்குமா? சேமநிதி உண்டா? அந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள், முடிவு செய்யும் இடத்தில் வேலை செய்பவரின் குரலுக்கு இடமுண்டா? ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் பணம் பற்றிய பாடம் வரும்போது, ஆசிரியர்கள் இந்த 50 காசு, 40 காசுக் கணக்கையே பயிற்சியாகக் கொடுக்கலாம். 26 நாளுக்கு எவ்வளவு, நான்கு நாள் மழை பெய்தால் எவ்வளவு, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டால், பெருக்கலும் கழித்தலும் வரலாற்றோடு சேர்ந்தே மனத்தில் பதியும். என் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். 22 நாளுக்கு 11 வெள்ளி என்று விடை எழுதிவிட்டு, அதில் அரிசிக்கு எவ்வளவு போகும் என்று ஒரு மாணவி கேட்டாள். பாட நூலில் இல்லாத கேள்வி அது.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது மிக அண்மையில்தான். 2013 ஜனவரி முதல் நாளன்று தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா, சரவாக், லபுவானில் 800 ரிங்கிட் என்று அது தொடங்கியது. 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. அதில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்ற பிரிவு கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டார்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்று உழைப்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். நம்மில் பலருடைய வீட்டில் சமைத்து, துவைத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு மட்டும் அது பொருந்தாது.